உஷார்! ஒரே பெயரில் இரண்டு ‘பொள்ளாச்சி’

வால்பாறையிலும் கீழே பொள்ளாச்சி, உடுமலை, கிணத்துக்கடவு வரையிலும் ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், டி.டி.பி. சென்டர் வைத்திருப்பவர்களுக்கு இதை அவசரமாக எழுதுகிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே மாதிரி ஓடும் ஃபைல் மேனேஜர் என்று ஒன்றை யாராவது உங்கள் கடைக்குக் கொண்டுவந்து காட்டினால், உடனே ‘சரி, போட்டுக் குடுங்க’ என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். அந்த ஒரு வாரத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கீழே சொல்கிறேன். நான் பொறுக்கவில்லை. ஆறு நாள் வேலை போயிற்று. என்னுடைய ஆறு நாள் மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 பழைய மிஷினில் ஏறாது. அது கேட்கிற பாதுகாப்புச் சில்லு அவற்றில் கிடையாது. நம் மலையில் எத்தனை கடையில் புது மிஷின் இருக்கிறது? நான் இரண்டு பழைய மிஷினை லினக்ஸுக்கு மாற்றினேன். ஒன்று விண்டோஸிலேயே இருக்கிறது, ஏனென்றால் ஸ்கேனர் அதில்தான் ஒழுங்காக வேலை செய்கிறது. கல்யாண ஆல்பம் வேலைக்கு ஒரு பழைய மேக். எல்லைக்கு அந்தப்புறம் கேரளத்தின் மளுக்கப்பாறைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் லினக்ஸில் செய்த ஃபைலைக் கொண்டுவருகிறார்கள். கேரளத்தில் பள்ளிக்கூடமே லினக்ஸில்தான் ஓடுகிறது. ஆக மூன்று சிஸ்டமும் ஒரே மேசையில் கலந்துவிட்டன. இந்தக் குழப்பத்தில் ‘எல்லாத்துக்கும் ஒரே சாவி’ என்று ஒருவர் வந்தால் கை நீட்டத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

அந்த மென்பொருளின் பெயரையோ கொண்டுவந்தவரின் பெயரையோ சொல்லப் போவதில்லை. இடது பக்கம் ஒரு பட்டியல், வலது பக்கம் ஒரு பட்டியல், நடுவில் இழுத்துப் போட்டால் காப்பி. வேகமாக இருந்தது, பார்வைக்கும் நன்றாக இருந்தது. மேக்கில் இருந்த வேலைகளை ஜிப்பாகக் கட்டி, அந்த ஜிப்பை இதிலேயே திறந்து, எல்லா மிஷினுக்கும் பொதுவாக லினக்ஸில் வைத்திருக்கும் டிஸ்கில் இழுத்துப் போட்டோம். அங்கே ஏற்கெனவே ‘பொள்ளாச்சி’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. பொள்ளாச்சி அலுவலகங்களுக்குப் போக வேண்டிய விண்ணப்பங்கள், பி.எஃப். பேப்பர், வாரிசுச் சான்றுக்கான ஸ்கேன் எல்லாம் அதில்தான் இருக்கும். இழுத்துப் போட்டதும் பட்டியலில் இரண்டு ‘பொள்ளாச்சி’ பக்கம் பக்கமாக நின்றன. எழுத்து ஒன்று, கொம்பு ஒன்று, புள்ளி ஒன்று, ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது.

கடையில் உதவிக்கு இருக்கும் பெண் கெட்டிக்காரி. ‘அண்ணா, இது ரெண்டு தடவை காப்பி ஆயிருச்சுங்ணா, ஒண்ண எடுத்துரட்டுங்களா?’ என்று கேட்டாள். நான் கவுண்டரில் நின்றுகொண்டே ‘எடுத்துரு’ என்றேன். எடுத்துவிட்டாள். எப்போதும் கேட்கிற அதே சின்னக் கேள்வியைத்தான் மென்பொருள் கேட்டது. ஆனால் அந்த டிஸ்க் நெட்வொர்க் வழியாக வருவது. நெட்வொர்க் டிஸ்கில் விண்டோஸ் மிஷினிலிருந்து அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்கு எதுவும் போகாது; நேராகக் காணாமல் போகும். விண்டோஸின் சொந்த எக்ஸ்புளோரர் அப்படிப்பட்ட நேரத்தில் ‘நிரந்தரமாக அழிக்கவா?’ என்று வேறு மாதிரி கேட்கும். இது கேட்கவில்லை. யானை ஒரு கிலோமீட்டருக்குள் வந்தால் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிய வைத்து ஊரையே எச்சரிக்கிற வால்பாறையில் இருந்துகொண்டு, என் கடையின் எல்லாப் பேப்பரும் இருக்கிற இடத்துக்கு அப்படி ஒரு விளக்கு இருக்கிறதா என்று நான் பார்க்காமல் விட்டேன்.

போனது உண்மையான ஃபோல்டர். மிஞ்சியது மேக்கிலிருந்து வந்தது, ஆல்பம் வேலைக்காகச் சேர்த்த நாலு படம். முந்தின வாரம் தனி டிஸ்கில் எடுத்து வைத்த காப்பி இருந்ததால் பெரும்பகுதி தப்பியது. நடுவில் இருந்த ஆறு நாள் ஸ்கேன் தப்பவில்லை.

ஒவ்வொருவராகப் போன் செய்து திரும்ப வரச் சொன்னேன். முடீஸிலிருந்து ஒரு அம்மா வந்தார். தேயிலை பறிக்கிறவர், ஓய்வு பெறும் வயது, பி.எஃப். பணத்துக்கு அலைகிறவர். ‘தம்பி, போன வாரம்தானே எல்லாம் குடுத்துட்டுப் போனேன்?’ என்றார். ‘ஆமாங்கம்மா, குடுத்தீங்க. என் தப்புத்தானுங்க’ என்றேன். அவர் கோபப்படவில்லை. ஒரு நாள் பேட்டா போச்சு என்று மட்டும் சொன்னார். பஸ் காசை நான் கொடுத்தேன். அன்றைய கூலியை எப்படிக் கொடுப்பது? வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். இது பத்துப் பதினைந்து பேருக்கு நடந்தது. ஆகவே இனி நான் சொல்வதை ஏதோ கம்ப்யூட்டர் நுணுக்கம் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஒரே பெயரில் எப்படி இரண்டு ஃபோல்டர்? இதுதான் நமக்கென்றே வெட்டிய குழி, நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். ‘பொ’ என்று எழுதும்போது முன்னால் ஒரு கொம்பு, நடுவில் ப, பின்னால் ஒரு கால் போடுகிறோம் அல்லவா? கம்ப்யூட்டருக்குள் யூனிகோடில் இதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ப-வை அடுத்து ஒகரத்துக்கென்று இருக்கும் ஒரே குறியீடு. அல்லது ப-வை அடுத்து கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று இரண்டு குறியீடு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோட் விதியும் இரண்டும் சமம் என்றுதான் சொல்கிறது. ஆனால் பழைய மேக் டிஸ்க் முறை பெயர்களையெல்லாம் பிரித்துப் பிரித்துத்தான் எழுதி வைக்கும். விண்டோஸும் லினக்ஸும் நீங்கள் தட்டியதை அப்படியே வைத்துக்கொள்ளும். நம் கீபோர்டு பெரும்பாலும் சேர்த்துத்தான் தட்டுகிறது. மேக்கில் பிரித்து எழுதிய பெயர் ஜிப்புக்குள் ஏறி லினக்ஸுக்கு வந்தால், லினக்ஸ் அதைப் புதுப் பெயர் என்றே நினைக்கும். 2017-இல் ஆப்பிள் கொண்டுவந்த புது டிஸ்க் முறை இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. ஆனால் பழைய மேக், பழைய பேக்கப் டிஸ்க், பழைய ஜிப் எல்லாம் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கின்றன.

உயிர்மெய்யில் ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எல்லாப் பெயருக்கும் இந்த ஆபத்து உண்டு. பொள்ளாச்சி, கோவை, சோலையாறு, தோட்டம், ரொட்டிக்கடை, கோபால், லோகநாயகி, கௌசல்யா எல்லாம் மாட்டும். வால்பாறை, ஆழியாறு, முடீஸ், அட்டகட்டி தப்பிக்கும். அதனால்தான் ‘வால்பாறை’ என்று ஒரு ஃபோல்டரை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு ‘தமிழ் நல்லா வருது’ என்று நான் நம்பினேன். டெமோ காட்டுகிறவர் ஆங்கிலப் பெயரில் காட்டுவார். ஆங்கிலப் பெயர் ஒருபோதும் இதில் மாட்டாது.

லினக்ஸின் கணக்கில் இரண்டும் வேறு வேறு பெயர் என்பதால் பழி முழுக்க அந்த மென்பொருளின் மேல் விழாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மூன்று சிஸ்டத்துக்கும் நடுவில் நின்று தரகு பார்ப்பதற்குத்தானே அதற்குக் காசு? ‘இதே மாதிரி தெரிகிற பெயர் ஏற்கெனவே இருக்கிறது’ என்று ஒரு வரி சொல்வது அதன் கடமை. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதே தமிழக அரசு யூனிகோடைத் தன் முறையாக ஏற்றுவிட்டது. அதிலிருந்து ஆபீஸ்களிலும் கடைகளிலும் ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கிறோம். தமிழ்ப் பெயரைத் தாங்காத ஃபைல் மேனேஜர் நம் ஊரில் எந்த வேலைக்கு?

பெயரின் நீளத்தையும் பாருங்கள். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட் இடம்தான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். மெய்க்கு மேல் வைக்கும் புள்ளியும் தனிக் குறியீடு, காலும் தனிக் குறியீடு. ஆக மொத்தம் 85 குறியீட்டோடு இடம் தீர்ந்துபோகும். ‘வாட்டர்ஃபால்ஸ் எஸ்டேட் தொழிலாளர் பி.எஃப். விண்ணப்பம் திருத்திய நகல் 2024 மார்ச் மேலாளர் கையெழுத்துடன்’ என்று விண்டோஸில் தாராளமாகப் பெயர் வைக்கலாம். அங்கே 255 குறியீடு வரை இடமுண்டு. இதே ஃபைலை லினக்ஸ் டிஸ்குக்கு இழுத்தால் ஏறாது. நல்ல மென்பொருள் நின்று ‘பெயர் நீளம்’ என்று சொல்லும். மோசமானது அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் காப்பி செய்து ‘முடிந்தது’ என்று காட்டும். நூறு ஃபைலில் ஒன்று வராததை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? எண்ணுங்கள். எந்தப் பெரிய காப்பிக்குப் பிறகும் இரண்டு பக்கமும் எண்ணிக்கையைப் பாருங்கள்.

நம் பக்கம் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போட்டுப் புள்ளி வைக்கிற பழக்கம் நிறைய. ‘முருகேசன் கு.’ என்று லினக்ஸில் ஃபோல்டர் உண்டாக்கினால் உண்டாகும். விண்டோஸுக்குப் பெயரின் கடைசியில் வரும் புள்ளி ஆகாது. அந்த ஃபோல்டரைத் திறக்கவும் விடாது, அழிக்கவும் விடாது. நேரத்தை ‘10:30’ என்று பெயரில் எழுதினாலும், கேள்விக்குறி போட்டாலும் இதே கதை. ‘ஆதார்’ என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒன்றும் சிறிய எழுத்தில் ஒன்றுமாக லினக்ஸில் இரண்டு ஃபைலாக வைக்கலாம். விண்டோஸுக்குப் போனால் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிவிடும். கேட்டுவிட்டு ஏறுகிறதா, கேட்காமல் ஏறுகிறதா? இதைச் சோதிக்காமல் வாங்காதீர்கள்.

அடுத்தது பென் டிரைவ். இதைக் கேட்டால் உங்களுக்கும் வயிறு கலங்கும். விண்டோஸில் பென் டிரைவிலிருந்து ஃபைலை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. லினக்ஸில் பெரும்பாலும் வேறு மாதிரி. பென் டிரைவுக்குள்ளேயே, புள்ளியில் தொடங்கும் பெயரோடு, கண்ணுக்குத் தெரியாத ஒரு குப்பைக்கூடை ஃபோல்டர் உண்டாகி, அழித்த ஃபைல் அதற்குள் போய் உட்காரும். கடையின் பென் டிரைவில் ஒருவரின் ஆதார், பாஸ்புக் ஸ்கேனைப் போட்டு, பிரிண்ட் எடுத்து, ‘அழித்துவிட்டோம்’ என்று நினைத்து, அதே டிரைவை அடுத்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறோம். அழித்தவை எல்லாம் அதிலேயே போகின்றன. நீங்கள் வாங்கப்போகும் ஃபைல் மேனேஜர் எந்தச் சிஸ்டத்தில் எங்கே அழிக்கிறது, மறைந்த ஃபோல்டரைக் காட்டுகிறதா என்று மூன்றிலும் தனித்தனியாகப் பாருங்கள். இன்றைக்கே உங்கள் கடை பென் டிரைவில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தபோது எட்டு மாதத்துக்கு முந்தைய ரேஷன் கார்டு ஸ்கேன் இருந்தது.

கரண்ட் விஷயம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை பிடித்துவிட்டால் நாளைக்கு எத்தனை தடவை போகும், வரும். ஒரு டிஸ்கிலிருந்து இன்னொரு டிஸ்குக்கு ‘மூவ்’ கொடுத்தால் உள்ளே நடப்பது முதலில் காப்பி, பிறகு அழிப்பு. முழுக்க ஏறியதா என்று சரிபார்த்துவிட்டு அழிக்கிறதா? பாதியில் கரண்ட் போனால் அரைகுறை ஃபைலை நல்ல ஃபைல் மாதிரியே விட்டுவைக்கிறதா? லினக்ஸில் இன்னொரு பொறி உண்டு. பென் டிரைவுக்குக் காப்பி நூறு சதவீதம் என்று காட்டும். ஆனால் கடைசிப் பகுதி இன்னும் மெமரியில்தான் இருக்கும். ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கினால் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. போலி ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் நிரப்பி, காப்பி ஓடும்போது யு.பி.எஸ். சுவிட்சை அணைத்துப் பாருங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் சொந்த வேலையில் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

இதுவரை சொன்னது கண்ணால் சோதிக்கக்கூடியவை. சோதிக்க முடியாத ஒன்று உண்டு. மூல நிரலைக் காட்டாத மென்பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சில சமயம் விற்பவருக்கே தெரியாது. வின்ரார் கதையைக் கேளுங்கள். நம் ஊரில் அது இல்லாத கடை கிடையாது. ஏஸ் என்ற பழைய சுருக்க முறை ஃபைலைத் திறக்க, வெளியார் எழுதிய ஒரு துண்டை அது உள்ளே வைத்திருந்தது. 2019 பிப்ரவரியில் செக் பாயிண்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் அதில் ஓட்டையைக் காட்டினார்கள். தந்திரமாகக் கட்டிய ஒரு ஃபைலைத் திறந்து உள்ளே இருப்பதை வெளியே எடுத்தாலே போதும், விண்டோஸ் தொடங்கும்போது தானாக ஓடும் இடத்தில் திருட்டு புரோகிராம் போய் உட்கார்ந்துவிடும். ஏறக்குறைய 19 ஆண்டு அந்த ஓட்டை அங்கேயே இருந்திருக்கிறது. ஏன் அடைக்கவில்லை? அந்தத் துண்டு 2005-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை, அதன் மூல நிரல் தங்கள் கையில் இல்லை என்று வின்ராரை உருவாக்குகிறவர்களே சொன்னார்கள். கடைசியில் ஏஸ் வசதியையே எடுத்துவிட்டார்கள். 2023 ஆகஸ்டில் இன்னொரு ஓட்டைக்குத் திருத்தம், 2025 ஜூலையில் மற்றொன்று. இரண்டையும் திருடர்கள் முன்பே பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. நீங்கள் 2018-இல் போட்டது அன்று போட்டபடியே இருக்கும். இன்று கடைக்குப் போனதும் உங்களிடம் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள், 7.13-க்குக் கீழே இருந்தால் அதோடு ஒரு ஜிப்பையும் திறக்காதீர்கள்.

ஃபைல் மேனேஜர் இப்படிப்பட்ட பத்துத் துண்டுகளைச் சுமக்கிறது. ஜிப்பைத் திறக்க ஒன்று, படத்தை முன்னோட்டம் காட்ட ஒன்று, பி.டி.எஃப். காட்ட ஒன்று. நீங்கள் திறக்காவிட்டாலும் ஃபைலைத் தொட்டுச் சின்னப் படம் காட்டுவதற்காக அதுவே திறந்து படிக்கிறது. எனவே விற்பவரிடம் இதைக் கேளுங்கள்: உள்ளே யார் யார் எழுதிய துண்டுகள் இருக்கின்றன, கடைசித் திருத்தம் எப்போது வந்தது, ஓட்டை கண்டால் யாரிடம் சொல்வது? பதில் வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

போனில் பட்டதை மறக்கவில்லையே? ஈ.எஸ். ஃபைல் எக்ஸ்புளோரரைப் போடாத ஆண்ட்ராய்டு போன் ஒரு காலத்தில் உண்டா? 2019 ஜனவரியில் ஒரு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் காட்டினார்: அதை ஒரு தடவை திறந்தாலே போனில் 59777 என்ற எண்ணுள்ள ஒரு கதவு திறந்துகொள்கிறது, அதே வைஃபையில் இருக்கும் யாரும் அந்த வழியாக உங்கள் படங்களையும் ஃபைல்களையும் எடுக்கலாம். பயன்படுத்திய கோடிக்கணக்கான பேரில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. 2020 ஜூன் 29-ஆம் தேதி இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. நாம் ஃபைல் அனுப்பப் பயன்படுத்திய ஷேர்இட், ஜெண்டர், ஸ்கேன் எடுக்கப் பயன்படுத்திய கேம்ஸ்கேனர் மூன்றும் அதே பட்டியலில் இருந்தன. ஒரே இரவில் நம் தொழில் கருவிகள் பாதி போயின.

மூடிய மென்பொருள் என்றாலே கெட்டது என்று சொல்ல வரவில்லை. டோட்டல் கமாண்டரை சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கிஸ்லர் 1993-லிருந்து விடாமல் எழுதி, திருத்தி, நடத்திவருகிறார். கம்ப்யூட்டரில் அது விண்டோஸுக்கு மட்டும். மூன்று சிஸ்டத்துக்கும் என்று வந்த எஃப்மேன் ஆஸ்திரியாவின் மைக்கேல் ஹெர்மன் என்ற ஒருவர் உருவாக்கியது. உழைப்பு பெரிது. ஆனால் ஒரே ஒருவரின் தோளில் நிற்கிற மூடிய மென்பொருள் என்றால், அவருக்கு உடம்பு சரியில்லை என்றாலோ வேறு வேலைக்குப் போய்விட்டாலோ அதைத் தொடர்ந்து திருத்த இன்னொருவரால் முடியாது. திறந்த நிரலாக இருந்தால் வேறு யாராவது எடுத்துக்கொள்ள வழியுண்டு. திறந்தது என்பதற்காகவும் கண்ணை மூட வேண்டாம். 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற திறந்த சுருக்க மென்பொருளில் உள்ளிருந்தே ஒருவர் கள்ளக் கதவு வைத்தது தெரியவந்தது. ஆனால் ஏதோ அரை நொடி தாமதம் ஏன் என்று சந்தேகப்பட்ட ஒரு பொறியாளர் உள்ளே போய்ப் பார்க்க முடிந்ததால் அது ஊர் முழுக்கப் பரவுவதற்குள் பிடிபட்டது. மூடிய பெட்டியில் அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

என்னைக் கேட்டால், மூன்று சிஸ்டத்திலும் ஒன்று வேண்டும் என்பவர்கள் முதலில் டபுள் கமாண்டரைப் போட்டுப் பாருங்கள். திறந்த நிரல், இலவசம், டோட்டல் கமாண்டர் பழகிய கைக்கு உடனே பிடிபடும். அதையும் நான் சொன்ன எல்லாச் சோதனைக்கும் உட்படுத்துங்கள், சலுகை காட்டாதீர்கள்.

‘லினக்ஸில் வைரஸ் வராது’ என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. ஃப்ரீ டவுன்லோட் மேனேஜர் என்ற மென்பொருளின் தளத்திலிருந்தே, லினக்ஸ்காரர்கள் சிலருக்கு மட்டும் 2020 முதல் 2022 வரை பாஸ்வேர்டு திருடும் பொதி போயிருக்கிறது. 2023 செப்டம்பரில் காஸ்பர்ஸ்கி சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது. லினக்ஸில் ஒரு நிறுவனத்தின் மென்பொருளைப் போட ‘இந்த நாலு வரியை டெர்மினலில் ஒட்டுங்கள்’ என்பார்கள். அதில் ‘சூடோ’ என்று தொடங்கும் வரி இருக்கும். அந்த நிறுவனத்தின் களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டால், அன்று முதல் அவர்கள் அனுப்பும் எதுவும் உங்கள் மிஷினின் முழு அதிகாரத்தோடு ஏறும். ஃபைல் மேனேஜருக்கு வரும் பிளக்இன்களும் அப்படியே. முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய பிளக்இன் உங்கள் ஃபைல்கள் அத்தனையையும் தொடலாம்.

கிராக் போட்ட காப்பியைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை. ‘லைசென்ஸ் எதுக்குங்ணா, என்கிட்ட கீஜென் இருக்கு’ என்று பென் டிரைவை நீட்டுகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். கேமுக்கு கிராக் போடுவது ஒன்று. ஊராரின் பேப்பரை எல்லாம் தொடுகிற மென்பொருளுக்குக் கிராக் போடுவது திருடனுக்குப் பீரோ சாவியைக் கொடுப்பது. கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வருகிற தளமும் அசல் என்று நம்ப வேண்டாம்; பேர் போன மென்பொருள்களின் பெயரில் போலித் தளம் வைத்து விளம்பரம் கொடுப்பது திருடர்களின் வழக்கமாகிவிட்டது. முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். இறக்கிய ஃபைலில் வலது கிளிக் கொடுத்து, ‘ப்ராப்பர்ட்டீஸில்’ டிஜிட்டல் கையெழுத்து யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

லைசென்ஸ் வாங்கினாலும் ஒரு நாள் நெட் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறோம். மண் சரிந்தாலோ கேபிள் அறுந்தாலோ ஒரு நாள், இரண்டு நாள் நெட் இருக்காது. அப்போது ‘லைசென்ஸைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று பூட்டிக்கொள்கிற மென்பொருள் நமக்கு ஆகாது. நெட் இருக்கும்போது அது எங்கெல்லாம் பேசுகிறது என்பதையும் பாருங்கள். விண்டோஸில் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ திறந்து நெட்வொர்க் பகுதியில் அதன் பெயரைத் தேடினால் தெரியும். ஃபைலை இங்கிருந்து அங்கே நகர்த்துவதற்கு வெளியூர் சர்வரோடு என்ன பேச்சு?

நம்மிடம் இருப்பது யாருடைய பேப்பர் என்பதை நினைத்துப் பாருங்கள். எஸ்டேட் லைன் வீட்டில் நாற்பது வருடம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் அந்த வீட்டையும் காலி செய்யப்போகிறவர்களின் பி.எஃப். கணக்கு. ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் இலை பறிக்க வந்தவர்களின் ஆதார். இன்னொரு காப்பி எங்கும் இல்லாத கல்யாணப் பத்திரிகை, இறப்புச் சான்று. சட்டமும் வந்துவிட்டது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. நம் மாதிரிச் சின்னக் கடைக்கு அது எப்படி வரும் என்பது போகப் போகத் தெரியும். அந்த அம்மாவின் ஒரு நாள் கூலி எனக்கு இப்போதே தெரிகிறது.

ஏதாவது திருட்டுப் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் நெட்டைப் பிடுங்குங்கள், மிஷினை ஃபார்மட் செய்யாதீர்கள், பணம் சம்பந்தப்பட்டிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

நான் இப்போது ஒரு சோதனைத் தொகுப்பு செய்து வைத்திருக்கிறேன். பொள்ளாச்சி, சோலையாறு, லோகநாயகி என்று கொம்பும் காலும் சேர்ந்த பெயர்கள், பிரித்தெழுதிய பெயர்கள், 85-ஐத் தாண்டிய பெயர்கள், புள்ளியில் முடியும் ‘முருகேசன் கு.’, பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக இரண்டு ஆதார், எல்லாம் வெற்று ஃபைல்கள், விண்டோஸில் சிலதும் லினக்ஸில் சிலதுமாகச் செய்து ஜிப்பில் கட்டியவை. பழைய மேக்கில் கட்டிய அந்த ஜிப்பும், உள்ளே இருந்த படங்களை எடுத்துவிட்டு, வெறும் பெயர்களோடு இருக்கிறது. கடைக்காரர்கள் யார் வேண்டுமானாலும் பென் டிரைவோடு வாருங்கள், காசு வேண்டாம், காப்பி செய்து தருகிறேன். வருவதற்கு முன் உங்கள் பென் டிரைவில் மறைந்திருக்கும் அந்தக் குப்பைக்கூடையைத் திறந்து காலி செய்துவிட்டு வாருங்கள்.